பேத்தைச் சினை

எளாவூர் அருகில், ஏரிக்கரை
20.1.2025

பிரசாந்த் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் நலம் அறிய எனக்கு ஆவல் இல்லை. ஆனாலும் கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நைனாவுக்கு முழங்கால் வலி. அம்மா சுகம்.

முகவரி கொடுத்தது என் மாமா மகன் வேலு. இறால் லாரியோடு விசாகப்பட்டினம் வந்தவன், சரக்கு இறக்கும்வரை பொழுது போகாமல் கடற்கரையில் இருந்த மீன் காட்சியகத்துக்குள் நுழைந்திருக்கிறான். அங்கே நீங்கள் கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தெலுங்கில் கதை சொல்லிக்கொண்டிருந்தீர்களாம். "மச்சான் நல்லா சதை போட்டுக்கீறாரு" என்றான். போன் நம்பர் கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டு, முகவரியை மட்டும் எழுதிக்கொடுத்தீர்களாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன ஆவணியில் ஒரு சாயங்காலம், தலையும் தோலும் இல்லாத மீனோடு வீட்டுக்கு வந்தீர்கள். இன்னா மீன் என்று கேட்டேன். "பேத்தை. அண்ணன் உரிச்சுது. தோலும் கொடலும் போச்சுன்னா ஒண்ணும் பண்ணாது. படகுல எல்லாரும் துன்னுக்கினுதான் கீறாங்க" என்றீர்கள். உப்பிக்கொள்ளும் விஷமீன் அது, தூக்கிப் போடுங்கள் என்றேன். சண்டை வந்தது. "கையால இறாலு தடவுற வூட்டுப் பொண்ணு எனக்கு மீனு சொல்லித் தரியா?" என்று கேட்டீர்கள். அந்தக் கோபத்தில் பொரித்துத் தட்டில் வைத்தேன். சினை முழுவதையும் நீங்களே தின்றீர்கள்.

உதடு மரத்தது. பிறகு நாக்கு, பிறகு கை. பொன்னேரி போய்ச் சேருவதற்குள் மூச்சு நிற்கப் பார்த்தது. அங்கிருந்து சென்னை. செத்துப் பிழைத்து வந்தீர்கள். வந்து ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்காமல் சோறு தின்றீர்கள். பிறகு ஒரு நாள் காலையில் பாய் மட்டும் இருந்தது.

அன்றைக்கே உங்கள் அண்ணன் முத்துராஜ் குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டார்: "அவ வேணும்னே வெஷத்தப் பொரிச்சு வச்சா. அதான் பயந்துக்கினு ஓடிட்டான்." என் பெட்டி தெருவுக்கு வந்தது. இப்போது நான் நைனா வீட்டில் இருக்கிறேன்.

நீங்கள் வர வேண்டாம். என்னைக் கூப்பிட வேண்டாம். மீனைக் கொண்டுவந்தது நீங்கள்தான் என்று ஊர்த் தலைவர் தனக்கோடிக்கு ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

இப்படிக்கு,
பவித்ரா


விசாகப்பட்டினம்
11.2.2025

பவித்ராவுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பு நன்றாக இருக்கிறது. நைனாவின் முழங்காலுக்கு உப்பு போட்டு ஒத்தடம் கொடு.

எப்போதிலிருந்து நான் "நீங்கள்" ஆனேன்? இருக்கட்டும். அதுவும் நல்லதுதான்.

போன் வைத்துக்கொள்ளவில்லை. யார் குரலையும் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீருக்குள் இருப்பவை பேசுவதில்லை. அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன். தொட்டி கழுவ வந்தவனை, தமிழும் தெலுங்கும் வருகிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல நிறுத்திவிட்டார்கள்.

இங்கே எட்டுக் கை உள்ள பேய்க்கணவாய், ஆக்டோபஸ், ஒன்று இருக்கிறது. அதற்கு மூன்று இதயம். நீந்தினால் அதில் ஒன்று நின்றுவிடும், அதனால் பெரும்பாலும் ஊர்ந்துதான் போகிறது. ரத்தம் நீலம். அலகு நுழையும் அளவுக்குச் சந்து இருந்தால் போதும், முழு உடம்பையும் வெளியே எடுத்துவிடும். ஆளை அடையாளம் தெரிகிறது அதற்கு. காவலாளி ஒருவர் அதைக் கண்ணாடியில் தட்டித் தட்டி மிரட்டுவார். அவர் வந்தால் மட்டும் முகத்தில் தண்ணீரைப் பீச்சுகிறது. நான் போனால் ஒரு கையை நீட்டித் தொடுகிறது.

பேத்தையும் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது நான்தான். அதன் பல் நம் நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கும். நத்தை, நண்டு என்று கடித்துத் தேய்த்தால் சரி. இல்லையென்றால் வாய் அடைத்துப் பட்டினியில் சாகும். கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயக்கி, நான் பிடித்துக்கொள்ள, டாக்டர் வெட்டிவிடுவார். மீனுக்குக் கண்ணை மூடத் தெரியாது என்போமே, இதற்குத் தெரியும். கூட்டம் அதிகமானால் கண்ணைச் சுருக்கி மூடிக்கொள்ளும். இன்னொன்று, அதன் விஷம் அதனுடையது இல்லை. தின்னும் சின்ன உயிர்களிடமிருந்து வந்து சேர்வது. தீனியை மாற்றி வளர்த்தால் விஷமில்லாத பேத்தையே கிடைக்குமாம். விஷம் இருந்தாலும் அதன் நரம்பை அது ஒன்றும் செய்யாது.

நீ கேட்டதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

பிரசாந்த்


ஏரிக்கரை
3.3.2025

பிரசாந்த் அவர்களுக்கு,

இங்கே யாருக்கும் குறையில்லை, உங்களால் வந்ததைத் தவிர.

நான் கேட்டது ஒரு வரி. நீங்கள் எழுதியது பேய்க்கணவாய்க்கு எத்தனை இதயம் என்று. ஒரு இதயம் உள்ள உங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் ஏரியிலும் அதிசயம் உண்டு, கேளுங்கள். ஆண் கெளுத்தி முட்டைகளை வாய்க்குள் அடக்கிக்கொள்ளும். குஞ்சு பொரித்து நீந்துகிறவரை எதையும் தின்னாது, வாயைத் திறக்காது, ஒட்டி உலர்ந்துபோகும். வாயை மூடிக்கொண்டிருக்க அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் வாய்க்குள் என்ன இருக்கிறது?

போன வாரம் பறிக்கூடை நிறைய வெள்ளை இறால் கிடைத்தது. இடுப்பளவுச் சேற்றில் நாளெல்லாம் தடவிப் பிடித்தது. பழவேற்காட்டில் அப்துல் ஹை பாயிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர், நைனா காலத்திலிருந்து எங்களிடம் எடுக்கிறவர். கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கோச்சுக்காதம்மா. நீ புடிச்சதுன்னு தெரிஞ்சா என்கிட்ட எவனும் வாங்கமாட்டான். வெஷக்கைன்னு சொல்லிக்கினு கீறாங்க" என்றார். அவரால் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, தராசைப் பார்த்துச் சொன்னார். அந்தக் கூடையைப் பொன்னேரிக்குத் தூக்கிப்போய், என்னைத் தெரியாதவர்களிடம் விற்றேன். போய்ச் சேருவதற்குள் பாதி சிவந்து கெட்டுவிட்டது.

பேத்தை தன் விஷத்தைப் பிறரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் என்று எழுதினீர்கள். என் கைக்கு விஷம் எங்கிருந்து வந்தது என்றும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பவித்ரா


விசாகப்பட்டினம்
29.3.2025

பவித்ராவுக்கு,

சௌக்கியம். அங்கே வெயில் ஏறியிருக்கும், முகத்துவாரம் மூடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

சண்டைக்கு என்னிடமும் மீன் உண்டு. கடல் அட்டையைத் துரத்தினால் தன் குடலையே வெளியே கக்கிவிடும். துரத்தியது அதைத் தின்றுகொண்டிருக்கும்போது இது நகர்ந்து போய்விடும். பிறகு புதுக் குடல் வளர்ந்துவிடும். சேற்று நண்டும் அப்படித்தான். பிடித்த கையிலேயே காலை விட்டுவிட்டு ஓடும். அடுத்தமுறை ஓடு கழற்றும்போது சின்னதாக ஒரு கால் முளைத்திருக்கும். சிலதை விட்டால்தான் உயிர் மிஞ்சும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மீனைக் கொண்டுவந்தது நான்தான். அதில் உன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் நீ ஒன்றும் அறியாதவள் போல எழுதுகிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஊர் உன்னைத் தவறான காரணத்துக்காகத் திட்டுகிறது. திட்டட்டும். சரியான காரணம் உனக்குத் தெரியும். அன்று ஆஸ்பத்திரியில் நீ சொன்னதை நினைத்துப் பார். அதன் பிறகும் நான் உனக்காக ஒரு வரி எழுத வேண்டுமென்று தோன்றினால், மறுபடி கடிதம் போடு.

பிரசாந்த்


ஏரிக்கரை
17.4.2025

பிரசாந்த் அவர்களுக்கு,

நாங்கள் எப்படி இருந்தால் உங்களுக்கு என்ன. இருக்கிறோம்.

நண்டு காலை விட்டுவிட்டு ஓடும், புதுக்கால் முளைக்கும். சரி. விட்டுவிட்டுப் போன காலுக்கு நண்டு முளைக்குமா? அதை யாராவது தொட்டியில் போட்டுப் பார்த்திருக்கிறார்களா?

ஆஸ்பத்திரியில் நான் சொன்னதாம். ராவெல்லாம் யோசித்தேன். நான் ஆஸ்பத்திரியில் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததை நினைத்துப் பார் என்றால் எப்படிப் பார்ப்பது? உங்கள் அண்ணன் என்ன சொல்லி வைத்திருக்கிறாரோ, அதை எனக்கும் சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒரே பொய்யை வைத்துக்கொண்டு சண்டை போடுவோம்.

கடலில் தடைக்காலம் தொடங்கிவிட்டது. பெரிய படகுக்காரர்களும் ஏரியில் இறங்கிவிட்டார்கள். கையால் பிடிக்கிறவர்களுக்கு மிஞ்சுவது சேறுதான். அந்தச் சேற்றில் உளுவை மீன் துடுப்பை ஊன்றி நடக்கிறது, தண்ணீரை விட்டு வெளியே வந்து, தோல் ஈரமாக இருக்கும்வரை மூச்சு விடுகிறது. நானும் அப்படித்தான் இப்போது. எங்கேயும் சேராமல்.

பதில் எழுதுங்கள். மீனைப் பற்றி அல்ல.

பவித்ரா


ஏரிக்கரை
25.6.2025

பிரசாந்த்,

பதில் இல்லை. தபால் தொலைந்ததோ என்று, மறுபடி லாரியோடு அங்கே வந்துபோன வேலுவிடம் கேட்டேன். "கடுதாசி போய்ச் சேந்துச்சு, மச்சான்தான் பேசமாட்டேன்றாரு" என்றான். இனிமேல் "நீங்கள்" எல்லாம் கிடையாது. அந்த மரியாதையைக் காப்பாற்ற உனக்குத் தெரியவில்லை.

நடந்ததைக் கேள். நைனா என்னிடம் சொல்லாமல் குப்பத்துக்குப் போயிருக்கிறார், உன் அண்ணனிடம் பேச. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனவர், பழக்கத்தில் பறியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். படகுத்துறையில் பத்துப் பேர் பார்க்க உன் அண்ணன் அந்தப் பறியைப் பிடுங்கி ஏரிக்குள் வீசினார். "வெஷக்காரியப் பெத்த அப்பனுக்கு இங்க இன்னா வேல?" என்று கேட்டாராம். நைனா தண்ணீருக்குள் இறங்கிப் பறியை எடுத்துக்கொண்டு, நனைந்த சட்டையோடு வீடு வந்தார்.  அம்மாதான் வேறு ஆளிடம் கேட்டுவந்து சொன்னாள்.

ஆடி முடிவதற்குள் ஊர்க்கூட்டம் வைக்கிறார்களாம். நான் விஷம் வைத்தேன் என்று முடிவு கட்டி, உனக்கும் எனக்கும் உறவைத் தீர்த்துவிடப் போகிறார்களாம். தீர்க்கட்டும். அதில் எனக்கு நஷ்டம் இல்லை. ஆனால் கொலைகாரி என்ற பேரோடு தீர்க்க விடமாட்டேன்.

நான் என்ன சொன்னேன் என்று எழுது. இல்லையென்றால் நானே லாரி ஏறி வந்து, நீ கதை சொல்லும் இடத்தில், அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கேட்பேன்.

பவித்ரா


விசாகப்பட்டினம்
8.7.2025

பவித்ராவுக்கு,

நைனாவுக்கு நடந்ததைப் படித்தேன். அவர் முன்னால் நிற்க எனக்கு முகமில்லை. அது வேறு. நீ கேட்டது வேறு. எழுதுகிறேன்.

பேத்தையைப் பற்றி நான் பிள்ளைகளுக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதன் விஷம் உடம்பைத்தான் பூட்டும். விரல், நாக்கு, இமை, மூச்சு எல்லாவற்றையும் பூட்டிவிடும். மூளைக்குள் மட்டும் நுழையாது. செத்த மாதிரி கிடப்பவனுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும்.

எனக்குக் கேட்டது, பவித்ரா.

இமையைத் தூக்கி டார்ச் அடித்தார்கள். வெளிச்சம் பட்டது. "கண்பாப்பா சுருங்கல" என்று டாக்டரம்மா யாரிடமோ சொன்னார். நகத்தை அழுத்தினார்கள். வலித்தது. வலிக்கிறது என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். எனக்காக மெஷின்தான் மூச்சு விட்டது. ஒரு சொட்டுக் கண்ணீர் வந்திருந்தால்கூடப் போதும், வரவில்லை.

அவர்கள் போன பிறகு அண்ணன் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது. அது பொய் அழுகை இல்லை. டாக்டரம்மா திரும்பி வந்ததும் அவரிடம் சொன்னது: "போதும்மா. மெஷினை எடுத்துடுங்க. அவன் போய்ட்டான். அவன் சம்சாரத்தையும் கேட்டுட்டேன், அதுவும் சரினு சொல்லிடுச்சு."

டாக்டரம்மா அண்ணனை வெளியே கூட்டிக்கொண்டு போனார். பிறகு அறையில் யாரும் இல்லை. மெஷின் சத்தம் மட்டும்.

அண்ணன் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு, படகு, அவரவர் கவலை. ஆனால் நீ? உன்னோடு சண்டை போட்டுத்தான் அந்த மீனைத் தின்றேன். அதற்காகவா சரி என்று சொன்னாய்? நீ ஓடிவந்து "வேணாம்" என்று கத்துவாய், கத்துவாய் என்று விடியும்வரை காத்துக்கிடந்தேன். காலையில் சுண்டுவிரல் அசைந்ததை நர்ஸ் பார்த்தார். அதனால் பிழைத்தேன். உன்னால் இல்லை.

வீட்டுக்கு வந்து, நீ சோறு போடும்போதெல்லாம் அந்த "சரி" காதில் விழுந்தது. அதனால்தான் கிளம்பினேன். இப்போது சொல், நீ ஆஸ்பத்திரியில் எதுவும் சொல்லவில்லையா?

பிரசாந்த்


ஏரிக்கரை
14.7.2025

பிரசாந்த்,

கடிதம் வந்தது. நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

உன்னை ஏற்றிய ஆம்புலன்ஸில் எனக்கு இடமில்லை என்றார் உன் அண்ணன். நானும் வேலுவும் பொன்னேரியில் ரயில் பிடித்து வந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் மறித்தான். "வெஷம் வச்சவளாமே நீ, உள்ள வுடக்கூடாதுனு சொல்லிக்கீறாங்க" என்றான். அழுதேன், திட்டினேன், விடவில்லை. வேலுவைக் கேள், அவன் என் பக்கத்தில்தான் நின்றான்.

மறுநாள் விளக்கு வைத்த பிறகு உன் அண்ணன் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. "டாக்டரம்மா உன் வாயால கேக்கணுமாம். ஆஸ்பத்திரி கவுண்டராண்ட வந்து 'சரி'னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு" என்றார்.

"எதுக்கு சரி?"

"வைத்தியத்துக்குத்தான். உனக்குப் புரியாது. சொல்லிட்டுப் போ."

"மொதல்ல அவர் மூஞ்சியக் காட்டு. பாத்துட்டு அப்பால சொல்றேன்."

"மூஞ்சியப் பாக்குற யோக்கியதை உனக்கு இல்ல."

"அப்ப சரியும் இல்ல."

அடிக்கக் கையை ஓங்கினார். வேலு குறுக்கே வந்தான். நான் அந்த வாசலிலேயே, நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு தடவை மறுபடி வந்தார். ஒரு தடவை கெஞ்சினார்கூட. "ஒரே ஒரு வார்த்த பவித்ரா" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு இருந்தது பிடிவாதம் மட்டும்தான். என் புருசனை எனக்குக் காட்டாமல் என்னிடமிருந்து ஒன்றும் வாங்க முடியாது என்ற பிடிவாதம். அவர் எதற்குச் சரி கேட்டார் என்று, உன் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது. 

நீ கண் விழித்த பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். ஓடிவந்தேன். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். உடம்பு முடியாமல் திருப்பிக்கொண்டாய் என்று நினைத்தேன்.

உனக்கு எல்லாம் கேட்டது என்கிறாய். என் குரல் கேட்டதா? பிரசாந்த், நன்றாக யோசித்துச் சொல். என் குரலை நீ அங்கே ஒரு தடவையாவது கேட்டாயா?

பிழைத்து வந்து ஒரு மாதம் ஒரே கூரையில் இருந்தோம். ஒரே ஒரு கேள்வி. "நீ சரினு சொன்னியா?" என்று ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்கக்கூட என்னை நீ மனுசியாக நினைக்கவில்லை. உன் அண்ணனாவது நீ செத்துவிட்டாய் என்று நம்பித்தான் விடச் சொன்னார். நீ என்னை உயிரோடு விட்டுவிட்டுப் போனாய்.

பவித்ரா


விசாகப்பட்டினம்
20.7.2025

பவித்ரா,

உன் குரலை நான் கேட்கவில்லை. கேட்கவே இல்லை. இத்தனை மாதமாக அந்த ஒரு ராத்திரியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் நீ இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வேலை செய்ய முடியவில்லை. இன்று பேத்தைக்குத் தீனி போடவும் வேறு ஆள் போனார்.

தனக்கோடிக்கு எழுதிவிட்டேன். எழுத்து போதாது. கூட்டத்துக்கு வருகிறேன். நைனாவிடம் நான் வருவதை நீயே சொல்லிவிடு. என்னைப் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை என்றால், உங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்.

பிரசாந்த்


ஏரிக்கரை
9.9.2025

பிரசாந்த்,

இங்கே எல்லோரும் நலம். நைனாவின் முழங்கால் பரவாயில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? 

நீ பேசிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டாய். பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதற்கு முன் கூட்டத்தை ஒரு தடவை நினைத்துக்கொள்கிறேன்.

"மீனைக் கொண்டாந்தவன் நான். உரிச்சது அண்ணன். வேணாம்னு சொன்னது அவ ஒருத்திதான்" என்று நீ சொன்னபோதே கூட்டம் அடங்கிவிட்டது. ஆனால் உன் அண்ணன் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்ததை நீ சொன்னதும், "பொணமாட்டம் கெடந்தவனுக்குக் காது கேக்குமா? இவ சொல்லிக்குடுத்ததப் பேசறான்" என்று கத்தினாரே. அப்போது நீ மெதுவாகச் சொன்னாய்: "'அம்மா செத்தன்னிக்கு உன்ன தோள்ல தூக்கிக்கினு சுடுகாட்டுக்குப் போனேன், இப்ப உன்னயும் தூக்கவச்சிட்டியேடா'னு என் காலப் புடிச்சுக்கினு அழுத. அந்த ரூம்ல அப்ப நீயும் நானும்தான் இருந்தோம்." உன் அண்ணன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்ததை நீயும் பார்த்தாய்.

"போனது போவட்டும், உன் பொண்டாட்டிய இட்டுக்கினு போப்பா" என்று தனக்கோடி சொன்னதற்கு, "நான் இன்னா கூடையா, இட்டுக்கினு போறதுக்கு?" என்று நான் கேட்டது உனக்குக் கோபமாக இருந்திருக்கலாம். ஆனால் நீ தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாய். வற்புறுத்தாமல் போனாயே, அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குப் பிடித்தது.

போன செவ்வாய்க்கிழமை நான் ஏரியில் இருந்தேன். உன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்தார். கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டார். நான் சேற்றில் கையை விட்டுத் தடவிக்கொண்டே இருந்தேன்.

"டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. நான் இன்னா பண்ணுவேன்?" என்றார்.

"அத்தக் கேக்கல. நான் சரினு சொன்னதா ஏன் சொன்ன?"

மிதந்து வந்த பாசியைக் கையால் ஒதுக்கினார். பிறகு, "நான் ஒருத்தனா சொல்ல பயமா இருந்துச்சு" என்றார். "அந்த மீனை உரிச்சவன் நான். நானே எடுங்கன்னும் சொல்லணும். கூட ஒரு ஆளு வேணுமா இருந்துச்சு." அப்புறம், "அன்னிக்கு நீ மட்டும் சரினு சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் சமாதானம் சொல்லவில்லை. "நைனாகிட்ட போய் நில்லு. என்கிட்ட இல்ல" என்று மட்டும் சொன்னேன். போனார். நைனா அவரை உள்ளே கூப்பிடவில்லை, வெளியே ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

அப்துல் ஹை பாய் ஆள் அனுப்பினார், இறாலைக் கொண்டுவரச் சொல்லி. ஒரு வாரம் போகவில்லை. பிறகு போனேன். நல்ல இறால், வீணாக விட மனசு வரவில்லை.

என்னை அங்கே வரச் சொல்லி நீ கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்று வேலுவிடம் சொன்னாயாம். அதற்கு நானே பதில் எழுதிவிடுகிறேன். இன்னொரு தடவை நீ அப்படிக் கிடந்து, வேறு யாராவது வந்து என்னிடம் கேட்டாலும், நான் அந்த வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன். அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் உயிரோடு இரு என்றுதான் நான் சொன்னேன். என்னோடு இரு என்று இன்னும் சொல்லவில்லை.

பவித்ரா